வளைவில் இறுகிய ஸ்டீயரிங்

வளைவைத் தாண்டி, சாலை கொஞ்சம் அகலமாகிற இடத்தில் கலைச்செல்வி காரை ஓரங்கட்டினாள். ஹேண்ட் பிரேக்கை இழுத்த பிறகும் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. நாமக்கல் ஆஸ்பத்திரியிலிருந்து மலையேறி வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பின்சீட்டில் அப்பா தலையணையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார்.

“அக்கா, இங்க பாருங்க.”

டேஷ்போர்டில் சின்னதாக ஒரு ஸ்டீயரிங் படமும் பக்கத்தில் ஆச்சரியக்குறியும் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தன.

“மறுபடியும் இறுகிருச்சு. பாதி வளைவுல கல்லாட்டம் ஆயிருச்சு.”

நான் பார்த்தது அவளுடைய தோள்கள் இரண்டும் ஏறி இறங்கியதையும், தடுப்புச் சுவர் என் ஜன்னலுக்கு மிகப் பக்கத்தில் வந்து போனதையும்தான். என் கை கதவுப் பிடியில் இருந்தது. அதை எப்போது பிடித்தேன் என்று தெரியவில்லை.

கலைச்செல்வி சாவியைத் திருப்பி வண்டியை அணைத்து, மறுபடி கிளப்பினாள். மஞ்சள் விளக்கைக் காணோம். ஒற்றை விரலால் ஸ்டீயரிங்கைச் சுற்றிக் காட்டினாள்.

“இப்பப் பாருங்க, ஒண்ணுமே தெரியாத பச்சப்புள்ளையாட்டம் நிக்கிறா. கள்ளி.”

“என்ன கண்ணு, டீ குடிக்கவா நிறுத்துன?” அப்பா கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

“இங்க எங்க பெரியப்பா டீக்கடை? கொரங்கு வெச்சு நடத்துனாத்தான் உண்டு.”

அப்பா சிரித்துவிட்டு மறுபடி சாய்ந்துகொண்டார். கலைச்செல்வி சிரிக்கவில்லை. மலைமேல், வாழவந்தி நாடு என்கிற எங்கள் ஊரில், வீட்டு வாசலில் அப்பாவை இறக்கிவிட்டுத்தான் பேசினாள்.

“பெரியப்பா, காரணம் தெரியற வரைக்கும் இந்த வண்டில உங்கள ஏத்த மாட்டேன். உங்கள மட்டுமில்ல, நோவாளி யாரையும் ஏத்த மாட்டேன். வெள்ளிக்கிழமைக்குள்ள கண்டுபுடிச்சிருவேன்.”

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

என் அப்பா குழந்தைசாமிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. மிளகும் மரவள்ளியும் போட்டுக்கொண்டு, ஏணியில் ஏறி மிளகு பறித்துக்கொண்டிருந்தவர், இப்போது செவ்வாயும் வெள்ளியும் நாமக்கல்லில் டயாலிசிஸ் மெஷினுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறார். நான் மெல்பர்னில் இருக்கிறேன். அந்த வருஷம் முழுக்கக் கலைச்செல்வியை எனக்குப் போனில் வருகிற குரலாகத்தான் தெரியும். “அக்கா, எறங்கிட்டோமுங்க” என்று அடிவாரத்திலிருந்து ஒன்று, “ஊடு சேந்தாச்சுங்க” என்று மேலேயிருந்து ஒன்று. இரண்டாவது குரல் வரும்வரை மெல்பர்னில் நான் என்ன வேலை செய்தாலும் பாதி மனதோடுதான் செய்வேன். லீவு எடுத்துக்கொண்டு வந்த பிறகு, குரலாகக் கேட்டு பயந்ததையெல்லாம் முன்சீட்டில் உட்கார்ந்து பார்த்து பயந்தேன்.

பேருந்தில் அப்பாவால் உட்கார முடியாது. முள்ளுக்குறிச்சி வழியாகப் போனால் வளைவு குறைவுதான், ஆனால் சுற்று. மெஷினிலிருந்து எழுந்த உடம்பு அவ்வளவு நேரம் தாங்காது. வேறு கார்கள் உண்டு. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு அடுத்த சவாரிக்குப் போய்விடுவார்கள். நான் ரகசியமாக நாமக்கல்லில் வாடகை வீடு விசாரித்து வைத்திருந்தேன். அப்பாவிடம் அதைச் சொன்னபோது, “அங்க போயி ஃபேனைப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்கவா?” என்று கேட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

கலைச்செல்வி தேவனூர் நாட்டில் பிறந்தவள். மலையிலேயே ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படித்துவிட்டு, நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் ஒயரிங் வேலைக்குப் போனாள். பட்டறையில் லாரிக் கூண்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து வேலை செய்த ஒரே பெண் அவள்தான். வேடிக்கை பார்க்க வந்தவர்களைப் பிடித்து டார்ச் பிடிக்க வைத்துவிடுவாள் என்று சொல்வார்கள். சென்றாயனைக் கட்டிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தாள். அவர் போர்வெல் ரிக் வண்டியில் வேலை செய்கிறார். வருஷத்தில் பாதி சத்தீஸ்கர். தனியாக இருந்த வீட்டில் சும்மா உட்கார முடியாமல்தான் இவள் பழைய கார் ஒன்றை வாங்கினாள். முதலில் கர்ப்பிணிகள் ஏறினார்கள், பிறகு கண் ஆபரேஷனுக்குப் போகிற கிழவர்கள், பிறகு எல்லோரும். ஆஸ்பத்திரியில் காத்திருப்பாள். நர்ஸிடம் சண்டை போடுவாள். அடக்கமெல்லாம் கிடையாது. “இந்த மலைல என்னாட்டம் ஓட்டுறவங்க இருந்தாக் கூட்டியாங்கக்கா, பந்தயம் வெச்சுக்கலாம்” என்று என்னிடமே சொன்னாள்.

அப்படிப்பட்டவள்தான் நோயாளிகளை ஏற்ற மாட்டேன் என்று சொன்னாள்.

ஸ்டீயரிங் இறுகுவது அது முதல் தடவை அல்ல. ஏற்கெனவே கீழே சர்வீஸ் சென்டருக்குப் போய்வந்திருந்தாள். அங்கே கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்ததில், ஸ்டீயரிங் மோட்டாரை இயக்குகிற பெட்டிக்கு மின்சாரம் போதவில்லை என்று எப்போதோ பதிவாகியிருந்தது. பேட்டரி பழசு, மாற்றினார்கள். அதன் பிறகும் வந்தது. அடுத்ததாக ஸ்டீயரிங் தண்டு, மோட்டார், பெட்டி எல்லாவற்றையும் மொத்தமாக மாற்ற வேண்டியிருக்கும் என்றார் அங்கே வேலை செய்யும் முரளி. சொல்லிவிட்டு, “மாத்தியும் வந்துச்சுன்னா என்னையத் திட்டாதீங்க, எனக்கே உறுதியாத் தெரியல” என்றும் சொன்னாராம். அந்த இரண்டாவது வாக்கியத்துக்காகவே அவர் மேல் கலைச்செல்விக்கு மரியாதை.

“காரணம் தெரியாமப் பொருள மாத்துனா, நல்லாயிருச்சுன்னு எத வெச்சு நம்பறது?” என்று என்னைக் கேட்டாள்.

புதன்கிழமை காலையில் சோளக்காட்டில் மாரப்பன் பட்டறைக்குப் போனோம். மாரப்பன் மலையில் ஓடுகிற பாதி வண்டிகளைக் கழற்றிப் பூட்டியவர்.

“என்ன அம்மிணி, கை வலிக்குதா? ரெண்டு வேள கேப்பக்களி சேத்தித் தின்னு. ஸ்டீயரிங் தானா எளகிரும்.”

“உங்க ஊட்டுல களி கிண்டறது அண்ணிதானுங்களே? அவங்களக் கூட்டியாங்க, ரெண்டு பேரும் ஒரே கையில திருப்பிக் காட்டறோம். நீங்க பட்டறையச் சாத்திட்டுக் களி கிண்டுங்க.”

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு லாரிக்காரர் அக்கறையாகக் கேட்டார்: “பவர் ஸ்டீயரிங்குக்கு ஆயில் ஊத்துனீங்களா?”

“இதுல ஆயிலே கெடையாதுங்க. கரண்டு மோட்டாரு.”

“ஆயிலே இல்லைன்னா இறுகத்தானுங்க செய்யும்?”

மாரப்பன் அவரை இன்னொரு டீ குடிக்க அனுப்பிவைத்தார்.

முதலில் டயர்களின் காற்றை அளந்தார்கள். சரியாக இருந்தது. பிறகு முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரங்கள் தரையைத் தொடாமல், எஞ்சினும் ஓடாமல், மாரப்பன் ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பினார். எங்கும் தட்டவில்லை, பிடிக்கவில்லை. டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு, தண்டு மடங்குகிற மூட்டுகளை ஆட்டிப் பார்த்தார்.

“இரும்புல கோளாறு இல்ல” என்று வெளியே வந்தார். “நீ வளைவுல நின்னு நின்னு ஸ்டீயரிங்க ஒடிக்கிற. மோட்டார் சூடாயிருது. சூடாச்சுன்னா அது தன்னையக் காப்பாத்திக்கக் கைவிட்டுரும். அதான் விஷயம்.”

எனக்கு அது சரியாகப் பட்டது. எழுபது வளைவுள்ள சாலையில் எந்த மோட்டார்தான் சூடாகாது? கலைச்செல்வி தலையாட்டினாள்.

“நானும் அப்படித்தான் நெனச்சேன் அண்ணா. ஆனா நேத்தைக்கு முந்துன தடவ விடிகாலைல, பனில நின்ன வண்டிய எடுத்து, எறக்கத்துல மொத வளைவுகள்லயே இறுகிருச்சு. மோட்டாரு சில்லுன்னு இருக்கறப்ப எப்படிச் சூடாகும்? சூடுன்னா மெதுவா மெதுவாத்தான கைவிடணும்? இது பட்டுனு விட்டுருது.”

மாரப்பன் தாடியைச் சொறிந்தார். “அதுவும் சரிதான்” என்றார். அப்படி ஒப்புக்கொள்வதில் அவருக்கு ஒரு சங்கடமும் இருக்கவில்லை.

பேட்டரி முனைகளை ஆட்டிப் பார்த்தார்கள். ஃபியூஸைக் கழற்றிப் பார்த்தார்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் மின்சாரம் குறையில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. கரடுமுரடான கல் தரையில் வண்டியை நிறுத்தி, கலைச்செல்வி ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் ஒடித்து ஒடித்துத் திருப்பினாள். விளக்கு எரியவே இல்லை. ‘வரட்டும், வரட்டும்’ என்று நான் முதல்முறையாக அந்த மஞ்சள் விளக்குக்காக வேண்டிக்கொண்டேன்.

கலைச்செல்வி முரளிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

“இங்க பைபாஸ்ல ஓட்டுனா வராதுங்க” என்றார் முரளி. “வேகமாப் போறப்ப மோட்டாருக்கு வேலையே கம்மி. வளைவுல ஊந்து போறப்பத்தான் முழு கரண்டையும் இழுக்கும். பேட்டரி மாத்தியும் வருதுன்னா நடு வழில எங்கயோ தடுக்குது. அது வர்ற நேரத்துல, வர்ற எடத்துல அளந்தாத்தானுங்க தெரியும். எனக்கு அங்க வந்து பாக்க ஆசைதான். விடமாட்டாங்க.”

“வர்ற எடத்துல நானே அளக்கறேன்.”

“ஓட்டிக்கிட்டேவா?”

“ஓட்டறது நானு. அளக்கறது அக்கா.”

என்னை யாரும் கேட்கவில்லை.

அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான். பேட்டரியிலிருந்து ஸ்டீயரிங் பெட்டிக்கு மின்சாரம் போகிற வழி ஒன்று. வேலை செய்துவிட்டுத் திரும்பி வருகிற வழி ஒன்று; அதற்கு எர்த்து என்று பெயர். வழி சுத்தமாக இருந்தால் அதன் இரண்டு முனைக்கும் நடுவில் மீட்டர் வைத்தால் ஏறக்குறைய ஒன்றுமே காட்டக் கூடாது. வழியில் எங்கேயாவது அடைத்திருந்தால், கரண்ட் இழுக்கிற நேரத்தில் எண் ஏறும்.

“இறங்கறப்பப் போற வழிய அளப்போம். ஏறறப்ப வர்ற வழிய. நீங்க ரோட்டைப் பாக்காதீங்க, மீட்டர மட்டும் பாருங்க. ஒரு வோல்ட்டத் தாண்டுச்சுன்னாக் கத்துங்க.”

ரோட்டைப் பார்க்காதே என்று சொன்னது எனக்குச் செய்த உபகாரம்.

வியாழக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். ஆள் பாரத்துக்காகப் பின்சீட்டில் மரவள்ளி மூட்டைகளை ஏற்றியிருந்தாள். அப்பா வாசலில் நின்று பார்த்தார்.

“எனக்குப் பதிலாவா கண்ணு? நானு அவ்வளவு கனமாவா இருக்கறன்?”

“நீங்க கனமில்லீங்க பெரியப்பா. உங்க வாய்க்கு ஒரு மூட்டை, ஒடம்புக்கு ஒரு மூட்டை.”

பேட்டரியிலிருந்து பானட் இடுக்கு வழியாக ஒரு நீள ஒயர் ஜன்னலுக்குள் வந்தது. இன்னொன்று டேஷ்போர்டுக்கு அடியில், பெட்டியின் இணைப்பில் குண்டூசியால் குத்தி வைத்தது. இரண்டும் என் மடியிலிருந்த மீட்டரில் சேர்ந்தன. அவள் கால் படாதபடி ஒயரை டேப் போட்டு ஒட்டியிருந்தாள். எதிரே வண்டி வந்தால் நின்று வழிவிடுவது, இறுகினாலும் திருப்புகிற அளவுக்கு மட்டுமே வேகம் என்று புறப்படும் முன்பே சொல்லியிருந்தாள். இறக்கம் தொடங்கும் முன் எஞ்சினை நிறுத்தி, தட்டையான இடத்தில் மோட்டார் உதவி இல்லாமலே ஸ்டீயரிங்கைத் திருப்பியும் காட்டினாள். கழுத்து நரம்பு புடைத்தது, ஆனால் சக்கரம் திரும்பியது.

இறங்கினோம். எண் அசையவே இல்லை. ஒவ்வொரு வளைவிலும் உடம்பு ஒரு பக்கம் சாயும், மூட்டைகள் முனகும், எண் அப்படியே நிற்கும். அப்புறம் ஒரு வளைவில், அவள் “ம்ம்” என்று பல்லைக் கடித்தது கேட்டது. மஞ்சள் விளக்கு. அவள் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இழுத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன காட்டுது?”

“ஒண்ணுமே இல்ல! அப்படியேதான் இருக்குது!”

வளைவைத் தாண்டி நிறுத்தினாள். எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. அவளுக்கோ முகம் மலர்ந்திருந்தது.

“நல்லதுங்கக்கா. இறுகுன நேரத்துலயும் எண்ணு ஏறலைன்னா, போற வழி சுத்தம். இனி ஒரே ஒரு வழிதான் பாக்கி.”

அடிவாரத்தில், காரவள்ளியில், இரண்டு ஒயரையும் எர்த்து வழிக்கு மாற்றிப் பொருத்தினாள். தண்ணீர் குடித்தோம். “பயமா இருந்தா இங்கயே இருங்கக்கா, பஸ்ல வாங்க” என்றாள். பயமாகத்தான் இருந்தது. மீட்டரை யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். “அப்படிக் கேப்பீங்கன்னுதான் சொன்னேன்” என்று சிரித்தாள்.

ஏற்றத்தில் முதல் வளைவுகளில் ஒன்றுமில்லை. குரங்குகள் சுவரில் உட்கார்ந்து பார்த்தன. ஒரு பால் வண்டிக்கு ஒதுங்கி நின்றோம். பாதி மலைக்கு மேல், செங்குத்தாக வலது பக்கம் மடங்குகிற ஒரு வளைவில், அவள் ஸ்டீயரிங்கைச் சுற்ற ஆரம்பித்ததும் எண் ஒரு துள்ளு துள்ளியது.

“ஒண்ணு! ஒண்ணரை! கலை, ரெண்டு! ரெண்டைத் தாண்டிருச்சு!”

விளக்கு எரிந்தது. ஸ்டீயரிங் இறுகியது. கலைச்செல்வி உடம்பையே அதன் மேல் சாய்த்து வண்டியைச் சுற்றிக் கொண்டுபோய் நிறுத்தினாள். மூச்சு வாங்கியது.

“இன்னொருக்காச் சொல்லுங்க.”

“ரெண்டைத் தாண்டிருச்சு.”

“எர்த்து” என்றாள். “லாரில பாதி நோவு எர்த்து நோவுதான்னு எங்க பட்டறைல சொல்லிக்கிட்டே இருப்பேன். என் வண்டியில நானே மறந்துட்டேன் பாருங்க.”

மாரப்பன் பட்டறையில் அந்த எர்த்து ஒயரைத் தேடிப் போனார்கள். அது பெட்டியிலிருந்து இறங்கி, டிரைவர் கால் வைக்கிற இடத்தில் தரைவிரிப்புக்கு அடியில் புகுந்தது. வாசல்படி போலிருக்கும் பிளாஸ்டிக் பட்டையை நெம்பி எடுத்து, மாரப்பன் விரிப்பைத் தூக்கினார். மேலே காய்ந்திருந்த விரிப்பின் அடிப்பக்கப் பஞ்சு ஊறிக் கிடந்தது. பிழிந்தார். மஞ்சளாகச் சொட்டியது. முகர்ந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இதென்ன அம்மிணி, காரா, மாட்டுக் கொட்டாயா?”

கலைச்செல்வி குனிந்து பார்த்தாள். ஒயர் முடிகிற போல்ட் முழுக்க வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. மாரப்பன் தொட்டதும், போல்ட்டில் மாட்டுகிற வளையமான ஒயர்க் காது பாதி உதிர்ந்தது. பாரத்தோடு வண்டி வளைவில் முறுகும்போது அந்த மிச்சக் காதும் அசைந்து விட்டுவிட்டிருக்கும் என்றார்.

எனக்கும் அப்போதுதான் புரிந்தது. கலைச்செல்வியின் கார் நோயாளிகளை மட்டும் ஏற்றுவதில்லை. எங்கேயாவது சாவு என்றால் சொந்தக்காரர்கள் கூப்பிடுவதும் அதைத்தான். துக்க வீட்டுக்குப் போய்வந்த வண்டியில் மறுநாள் ஒரு நோயாளி ஏற மாட்டார். அவர் ஏறினாலும் வீட்டார் விடமாட்டார்கள். அதனால் சாவுக்குப் போய்வந்த ஒவ்வொரு முறையும், மஞ்சளும் கோமியமும் கலந்த தண்ணீரைக் குடத்தோடு எடுத்து, வெளியே மட்டுமல்ல, உள்ளே கால் வைக்கிற தரையிலும் ஊற்றிக் கழுவித்தான் அவள் அடுத்த ஆளை ஏற்றுவாள். மற்ற டிரைவர்கள் இரண்டு சொட்டுத் தெளிப்பதோடு சரி. இவள் எதிலும் அரைகுறையாக விடுகிறவள் அல்ல.

“நாந்தான்” என்றாள். ஸ்டூலில் உட்கார்ந்து அந்தப் போல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஒவ்வொருக்காவும் நல்லாப் போகட்டும்னு ரெண்டு குடம் ஊத்துனேன்.”

மாரப்பன் கேலி செய்ய வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவளே எழுந்தாள்.

“உப்புத்தாள் எடுங்க அண்ணா.”

போல்ட் இருந்த இடத்தை இரும்பு பளபளக்கும்வரை தேய்த்தார்கள். பழைய காதை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று அமுக்கினாள். அதை மறுபடி தரையில் மாட்ட அவள் சம்மதிக்கவில்லை. ஒயரை நீட்டி, தண்ணீர் எட்டாத உயரத்தில், பக்கவாட்டில் வேறொரு போல்ட்டில் கொண்டுபோய் இறுக்கி, கிரீஸ் பூசினாள். விரிப்பைக் கழற்றி வெயிலில் போட்டார்கள். மத்தியானம் அதே மூட்டைகளோடு மறுபடி இறங்கி ஏறினோம். மீட்டரில் எண் அசையவில்லை, விளக்கு எரியவில்லை. கலைச்செல்விக்கு அது போதவில்லை. நடு மலையில் திரும்பி, செங்குத்தான அந்த வலது வளைவில் இன்னொரு தடவை ஏறினாள். பிறகுதான் முரளிக்குப் போன் செய்தாள். அந்தப் பக்கம் முரளி சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது.

“எங்க கம்ப்யூட்டர்ல கோமியத்துக்கு எரர் கோடு இல்லீங்களே!” என்றார்.

கோளாறு தீர்ந்தது. ஆனால் அன்று சாயங்காலமே தேவனூர் நாட்டில் ஒரு சாவு விழுந்தது. கலைச்செல்வியின் பிறந்த ஊர்ச் சொந்தம். அவள்தான் ஆட்களை ஏற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை விடிகாலையில் கார் எங்கள் வாசலில் வந்து நின்றது. அப்பா சட்டை போட்டு, கையில் தலையணையோடு தயாராக இருந்தார். அவருக்கும் செய்தி தெரிந்திருந்தது.

“வண்டி எழவுக்குப் போய்ட்டு வந்துச்சாமா? கழுவுனியா?”

“வெளிய கழுவுனேன் பெரியப்பா. சீட்டு, கதவு எல்லாம் மஞ்சத்தண்ணில துணிய நனச்சுப் பிழிஞ்சு தொடச்சேன். கால் மிதியடிய எடுத்துக் கழுவிக் காயப்போட்டுட்டேன். உள்ள தண்ணி ஊத்தல.”

“ஊத்தலியா?”

“இல்லீங்.”

அப்பா தலையணையைக் கயிற்றுக்கட்டிலில் வைத்தார். “வாரத்துல ரெண்டு நாளு எமன் பக்கத்துல படுத்து எந்திரிச்சு வாரவன் நானு. என்னையக் கழுவாத எழவு வண்டில ஏறச் சொல்றியா?”

நான் நடுவில் பேச வாயெடுத்தேன். மெஷினில் அவருக்குக் குறித்த நேரம் தவறினால் அடுத்த இடம் எப்போது கிடைக்கும் என்பதுதான் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கலைச்செல்வி என்னைப் பார்த்து, வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

அவள் பையிலிருந்து உதிர்ந்துபோன ஒயர்க் காதை எடுத்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள். “இதுதான் ஸ்டீயரிங்க இறுக்குனது. உங்களுக்கு ஒண்ணும் ஆயிறக் கூடாதுன்னு நான் ஊத்துன தண்ணி தின்னு வெச்சது. வளைவுல நீங்க கண்ண மூடிப் படுத்திருந்தீங்க, நான் பாத்தேன் பெரியப்பா, செவுரு எவ்வளவு கிட்டக்க வந்துச்சுன்னு. இனிமே தரைல ஒரு சொட்டு ஊத்த மாட்டேன். நீங்க ஏறலைன்னாலும் ஊத்த மாட்டேன். யாரு ஏறலைன்னாலும்.”

அவள் அப்பாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அப்பா அந்தத் துண்டை நகத்தால் சுரண்டினார். பொடி உதிர்ந்தது.

“செத்தது யாரு?”

“பொன்னாயி அத்தைங்க. மேக்கால ஊடு.”

“பொன்னாயியா!” அப்பா அந்தத் துண்டைக் கைக்குள் மூடிக்கொண்டார். “எங்க மிளகுக் கொடிக்கெல்லாம் நாத்துக் குடுத்தவ. நானு ஏறாம ஊட்டுல படுத்துக்கிட்டு, பொன்னாயி தீட்டுனாலதான் நின்னுட்டேன்னு சொன்னா, கேக்கறவன் காறித் துப்புவான்.”

சொன்னாரே தவிர நகரவில்லை. பிறகு என்னைப் பார்த்தார். “சாமி, ஒரு சொம்புல மஞ்சத்தண்ணி கரைச்சுக் கொண்டா.”

கலைச்செல்வி காரின் கதவை மறித்து நின்றாள். “பெரியப்பா, சொன்னேனுங்களே—”

“வண்டிக்கு இல்ல புள்ள. எம்மேல தெளி. வண்டி துருப்புடிக்கும். எனக்கென்ன துருவா புடிக்கும்?”

கலைச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாவிலையால் அவர் தலையில், தோளில், காலில் தெளித்தாள். “இன்னும் கொஞ்சம், இந்தப் பக்கம்” என்று அவர் குளிக்கிறவர் மாதிரி திரும்பித் திரும்பி நின்றார். சொட்டு வடியும்வரை வாசலிலேயே நிற்க வைத்து, துண்டால் அவர் பாதங்களைத் துடைத்துவிட்ட பிறகுதான் உள்ளே காலெடுத்து வைக்கவிட்டாள்.

கிளம்பும்போது வழக்கத்தைவிட நேரமாகியிருந்தது. நான் முன்சீட்டில். மடியில் மீட்டர் இல்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். இறக்கத்தில் நன்றாக மடங்குகிற ஒரு வளைவுக்கு முன்னால், எதிரே வண்டி இல்லாததைப் பார்த்துவிட்டு, கலைச்செல்வி காரை நிறுத்தினாள்.

“பெரியப்பா, கண்ணத் தொறங்க.”

நின்ற வண்டியிலேயே ஸ்டீயரிங்கை இடது கோடிவரை திருப்பினாள். வலது கோடிவரை திருப்பினாள். டயர்கள் சரளையில் நறநறத்தன. டேஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. மறுபடி ஒருமுறை, இரண்டு பக்கமும்.

“பாத்தீங்களா?”

அப்பா முன்சீட்டுகளுக்கு நடுவே தலையை நீட்டி, அவள் கைகளைப் பார்த்தார்.

“பாத்தேன், பாத்தேன். ஓட்டு கண்ணு. அங்க மெஷினு காலியாக் கெடக்கும்.”

கலைச்செல்வி ஹாரன் அடித்துவிட்டு வளைவுக்குள் திருப்பினாள்.